பரப்புக் கவர்தல்: ‘அட்சார்ப்ஷன்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

அட்சார்ப்ஷன், அப்சார்ப்ஷன். காதில் விழும்போது ஓரெழுத்துதான் வித்தியாசம். அதனாலோ என்னவோ, தமிழில் இரண்டையுமே ‘உறிஞ்சுதல்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைகள். அம்மோனியா தண்ணீரில் கரையும்போது தண்ணீர் முழுக்கப் பரவுகிறது, அது அப்சார்ப்ஷன். பெயின்ட் ஆவியிலுள்ள டொலுயீன் என்ற கரைப்பான் கரியின் நுண்துளைச் சுவரில் ஒட்டி நிற்கிறது, கரிக்குள் கரைவதில்லை, இது அட்சார்ப்ஷன்.

1881இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லத்தீனில் ‘அட்’ என்றால் நோக்கி, மேலே. ‘சொர்பேரே’ என்றால் உறிஞ்சு. ஆக, குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது. ஈழத்துப் பாடநூல்கள் அதை அப்படியே பின்பற்றி, புறத்துறிஞ்சல், அகத்துறிஞ்சல் என்று அழகான இணையாக வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பரப்பு கவர்தல், மேற்பரப்புக் கவர்ச்சி என்ற வழக்குகள் உண்டு. எங்கள் வாக்கு ‘பரப்புக் கவர்தலு’க்கு. ‘கவர்’ என்பதில் ஈர்ப்பதும் இருக்கிறது, பற்றிக்கொள்வதும் இருக்கிறது. பற்றியதைச் சூடாக்கி விடுவிப்பதற்குப் ‘பரப்பு நீக்கம்’ என்ற சொல்லும் கையோடு கிடைத்துவிடுகிறது.

ஆலைக் காற்றைச் சுத்திகரிக்கும்போது கவரப்படும் பொருளின் பெயரையும் பார்த்துவிடுவோம். வி.ஓ.சி. (வொலட்டைல் ஆர்கானிக் காம்பவுண்ட்) என்பது இங்கே ‘எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மம்’. ‘வொலட்டைல்’ என்பதன் வேர் லத்தீனில் ‘பற’. ஈழ வழக்கின் ‘ஆவிப்பறப்பு’ அந்த வேரை எவ்வளவு இயல்பாகத் தொட்டுவிடுகிறது!

பரப்பு என்ற சொல்லை ஏன் விடக் கூடாது? ஒரு கிராம் கிளர்வுற்ற கரியின் (நுண்துளைகள் உண்டாகும்படி பதப்படுத்திய கரி) உட்பரப்பு ஏறத்தாழ 500 முதல் 1,500 சதுர மீட்டர். அதில் பெரும்பங்கு 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளில் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் போட்டி. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டினால் நீராவியும் துளைகளில் குடியேறத் தொடங்கும். காற்று 40 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வந்தால் பிடி தளரும். ஆகவே கரி நிரப்பிய படுகைக்கு முன்னால் தூசி வடிகட்டியும் குளிர்விப்பானும் வேண்டும். ஃபார்மால்டிஹைடின் கொதிநிலை சுமார் மைனஸ் 19 பாகை. இவ்வளவு எளிதில் ஆவியாவது சாதாரணக் கரியில் நிற்காது. பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினா (அலுமினிய ஆக்சைடு) போன்ற, வேதிவினையால் பிடிக்கும் ஊடகம் வேண்டும்.

கரி ஒரே நாளில் ‘நிரம்பி’விடுவதில்லை. காற்று நுழையும் பக்கம் முதலில் நிறையும். அந்த முகப்பு மெல்ல முன்னேறி, வெளியேறும் பக்கத்தைத் தொட்டதும் கசிவு தொடங்கும். மூக்கை நம்பாமல், வெளிவாயில் உணரியை வைக்க வேண்டும். அசிட்டோன் போன்ற கீட்டோன் ஆவிகளால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கரியின் பரப்பிலேயே ஆக்சிஜனேற்றம் நடந்து வெப்பம் சேரும்; காற்றோட்டம் நின்ற படுகையில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கலாம்.

கவர்தல் மாசைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அழிப்பது வினையூக்க ஆக்சிஜனேற்றம். ‘கேட்டலிசிஸ்’ என்று 1835 வாக்கில் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் பெயரிட்டபோது அவர் எடுத்த கிரேக்க வேர் ‘அவிழ்த்தல்’. தமிழ் அதை விட்டுவிட்டு, வினையை ஊக்குவது என்று வேலையைச் சொல்கிறது. நல்ல முடிவுதான். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டையில் அலுமினா பூசி, அதன்மேல் பிளாட்டினமோ பலேடியமோ ஏற்றுவார்கள். வெறும் வெப்பத்தால் எரிக்க 750 பாகைக்கு மேல் வேண்டிய ஆவி, இதில் பெரும்பாலும் 250 – 400 பாகையில் எரிந்துவிடும். 92 கிராம் டொலுயீன் 288 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்து 308 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 72 கிராம் நீரும் ஆகும். வெப்பநிலை போதாவிட்டால் எரிதல் பாதியில் நின்று, ஆல்டிஹைடுகள் வெளியேறலாம். அவை சிலசமயம் மூல ஆவியைவிட மோசம்.

ஆவி மிகக் குறைவாகக் கலந்த காற்றை நேரடியாக அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோவது எரிபொருள் விரயம். அதனால் கவர்தலையும் எரித்தலையும் இணைக்கிறார்கள். மெதுவாகச் சுழலும் சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) சக்கரம் ஆவியைக் கவரும். அதன் ஒரு பகுதியில் 180 – 200 பாகைக் காற்று, மூலக் காற்றில் பத்தில் ஒரு பங்கு அளவில் பாய்ந்து பரப்பு நீக்கம் செய்யும். ஏறத்தாழ பத்து மடங்கு செறிந்த ஆவி வினையூக்கிக்குப் போகும். ஒரு கன மீட்டர் காற்றில் 1 கிராம் டொலுயீன் எரிந்தால் வெப்பநிலை சுமார் 30 பாகை ஏறும் என்பதால், செறிவு கூடக்கூட வெளியிலிருந்து தரவேண்டிய சூடு குறையும். ஆனால் செறிவை, தீப்பற்றும் கீழ் வரம்பின் (காற்றில் ஆவி தீப்பற்றத் தேவையான குறைந்தபட்சச் செறிவு) 25 விழுக்காட்டுக்குள் வைப்பதே வழக்கமான பாதுகாப்பு எல்லை.

வினையூக்கி மந்தமானால் எல்லாவற்றையும் ‘நச்சேற்றம்’ என்று சொல்லிவிட வேண்டாம். கந்தகம், ஈயம், பாஸ்பரஸ் ஆகியவை உலோகத்தோடே பிணைவதுதான் நச்சேற்றம். தூசி படிவது வெறும் மூடல். பெரும்பாலும் ஊதியோ கழுவியோ எடுத்துவிடலாம். சிலிக்கோன் ஆவியும் மூடத்தான் செய்கிறது, ஆனால் எரிந்து மணல்போன்ற சிலிக்காப் படலமாகத் துளைகளை அடைத்துவிடும். அது ஊதினால் போகாது. வினையூக்கிக்கு முன்னால் மாற்றக்கூடிய காப்புப் படுகை வைப்பது இதற்காகத்தான்.