மண்டபத்துக்கு நடுவே எதற்கு இந்தத் தூண்?

போன தை மாதம் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கிடைத்த நாற்காலி சரியாக ஒரு தூணுக்குப் பின்னால். தாலி கட்டியதை ஓரமாக மாட்டியிருந்த டிவியில்தான் பார்த்தேன். பந்தியில் புலம்பியபோது பக்கத்து இலைப் பெரியவர் சிரித்தார். "சிதம்பரத்துல ஆயிரங்கால் மண்டபமே கட்டியிருக்கான் தம்பி, ஒரு தூணுக்கு இவ்வளவு கோபமா?"

சிதம்பரத்தில் காரணம் கல். கருங்கல்லை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலம்தான். இரண்டு தூண்களுக்கு மேல் கிடக்கும் உத்தரக்கல்லில் சுமை ஏறினால் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும், அந்த அடிப்பக்கத்தில்தான் விரிசல் விடும். அதனால்தான் நெருக்கி நெருக்கித் தூண். இரும்பும் கான்கிரீட்டும் வந்த பிறகும் இந்தத் தொல்லை முழுசாகப் போகவில்லை. மீட்டருக்கு அதே சுமைதான் என்றாலும், தூண்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் உத்தரத்தை வளைக்கும் விசை நாலு மடங்காகிவிடும். சரி, தடியாகப் போடலாம் என்றால் அதன் சொந்த எடையே பெரிய சுமையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கூரையைக் கேபிளில் தொங்கவிட்டால்? அந்த எஃகுக் கயிறு இந்த வம்புக்கே போகாது. அதற்குத் தெரிந்தது இழுப்பைத் தாங்குவது மட்டும்தான், அதனால் அதன் குறுக்களவு முழுக்க வேலை செய்கிறது. கேபிளுக்கான எஃகுக் கம்பி, கட்டட வேலைக்கு வரும் முறுக்குக் கம்பியைவிட மூன்று மடங்குக்கு மேல் இழுப்பைத் தாங்கும்.

ஆனால் கூலியை வேறு இடத்தில் வாங்கிவிடும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியைக் கவனித்திருப்பீர்கள்: ஈரப் போர்வையைப் போட்டதும் தொய்கிறதே என்று இன்னும் விறைப்பாகக் கட்டினால், ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். கணக்கு இதுதான். 40 மீட்டர் அகலம், மீட்டருக்கு 100 கிலோ சுமை, நடுவில் 4 மீட்டர் தொய்வு என்றால் கேபிள் தன் முனையைப் பக்கவாட்டில் 5 டன் விசையோடு இழுக்கும். தொய்வை 1 மீட்டராகக் குறைத்தால் 20 டன். சுமை மாறவே இல்லை, விறைப்புக்கு மட்டும் நாலு மடங்கு.

அந்த 20 டன்னை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே! பந்தல்காரர் முளையடித்து இழுத்துக் கட்டுவதுபோல வெளியே தரையில் பெரிய கான்கிரீட் பாரத்தைப் புதைத்து அதில் கட்டலாம். அதைவிட அழகான வழி சைக்கிள் சக்கரத்தில் இருக்கிறது. போக்ஸ் கம்பிகள் எல்லாம் உள்ளே இழுக்க, ரிம் சுற்றிலும் அமுங்கி எல்லாத் திசை இழுப்பையும் தனக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறது, தரைக்குப் போவது வெறும் எடைதான். நியூயார்க்கில் 1968-ல் திறந்த மேடிசன் ஸ்கொயர் கார்டன் வட்ட அரங்கின் கூரை 120 மீட்டருக்கு மேல் அகலம், உள்ளே ஒரு தூண் கிடையாது, வெளி வளையத்திலிருந்து கேபிள்கள்தான் தாங்குகின்றன. டெல்லி நேரு ஸ்டேடியத்துக்கு 2010-ல் போட்ட கூரையும் சக்கர ஜாதிதான்.

இங்கே நம் கடற்கரைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காற்றடித்தால்? 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் பக்கம் கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ, கூரையின் ஓரங்களில் அதே அளவோ அதற்கு மேலோ மேல்நோக்கி இழுக்கும். தகர ஷீட்டின் எடையோ அஞ்சாறு கிலோ. பறக்காமல் என்ன செய்யும்? தொங்கும் கேபிளுக்கு இது இன்னும் மோசம், மேலே தூக்கினால் தொளதொளவென்று ஆகிவிடும், அப்புறம் படபடக்க ஆரம்பிக்கும்.

அதற்குத்தான் எதிர்த்திசையில் வளைந்த இன்னொரு கேபிள் வரிசை. அமெரிக்காவின் ராலே நகரில் 1952-ல் முடிந்த டார்டன் அரங்கில் வெளிப்பக்கம் சாய்ந்த இரண்டு கான்கிரீட் வளைவுகளுக்கு நடுவே ஒரு வரிசை கேபிள் தொங்குகிறது, அதற்குக் குறுக்கே இன்னொரு வரிசை முதுகு தூக்கியபடி போய் அதைக் கீழே அழுத்துகிறது; மொத்தத்தில் குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். இரண்டையும் முதலிலேயே விறைப்பாக இழுத்து வைத்துவிடுவதால் மழை கீழே அழுத்தும்போது ஒன்று, காற்று மேலே தூக்கும்போது மற்றொன்று என்று பொறுப்பை மாற்றிக்கொள்ளும். வடிவமைத்த நொவிட்ஸ்கி 1950-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார், கட்டி முடித்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

சரி, கல்யாண மண்டபத்துக்கு இதெல்லாம் வேண்டுமா? என்னைக் கேட்டால் 20, 25 மீட்டர் அகலத்துக்குச் இரும்புக் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்த சாதாரண டிரஸ் சட்டமே போதும், கேபிள் வீண் செலவு. அப்படியிருக்க இவர்கள் ஏன் தூண் வைத்தார்கள் என்று தாம்பூலப் பையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்துக்கு மேலே இரண்டு மாடி, முழுக்க வாடகை ரூம்கள், உச்சியில் தண்ணீர் டேங்க் வேறு. கேபிள் கூரை லேசான ஷீட்டையோ துணியையோதான் தூக்கும், லாட்ஜைத் தூக்காது.