சீட்டுக் குலுக்கிக் கண்டுபிடித்த வைத்தியம்

"இன்னாடா இது, ஏலச்சீட்டு மாதிரி குலுக்கிப் போட்டா எனக்கு வைத்தியம் பாப்பாங்க?"

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பெரியம்மா கேட்ட கேள்வி இது. ஆய்வுப் பிரிவிலிருந்து வந்த சிஸ்டர் தமிழில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் பொறுமையாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். 'உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும்' என்ற வரி வந்ததும் பெரியம்மா கையை நீட்டி நிறுத்திவிட்டார். குடியாத்தத்தில் முப்பது வருஷம் சீட்டுப் பிடித்தவர். குலுக்கல் என்றால் என்ன, அதில் என்னென்ன தில்லுமுல்லு நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். பெரியம்மாவுக்கு 64 வயது. மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருஷமாகிறது. பங்குனியில் ஒருநாள் புடவையில் சின்னதாக ஒரு கறை. "சூடு" என்று அவரே தீர்ப்புச் சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். எங்கள் பக்கத்து வெயிலில் மூக்கில் ரத்தம் வந்தாலும் சூடுதான், கண்ணில் கட்டி வந்தாலும் சூடுதான். உள்ளூர் கிளினிக் ஒன்றில் ரத்தம் நிற்க மாத்திரை கொடுத்தார்கள். நின்றது. ஆடியில் திரும்ப வந்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தத்துக்கு முதலில் செய்ய வேண்டியது ஸ்கேன், மாத்திரை இல்லை. அந்த நாலு மாதம் வீணாய்ப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படி ரத்தம் வருகிற நூறு பெண்களில் ஏறக்குறைய 9 பேருக்குத்தான் கருப்பைப் புற்றுநோய் இருக்கும். திருப்பிப் பார்த்தால், இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ரத்தம்தான் முதல் அறிகுறி. உடம்பே மணி அடிக்கிறது, நாம்தான் வெந்தயம் ஊறவைக்கிறோம்.

நம் ஊரில் 'கர்ப்பப்பை கேன்சர்' என்ற ஒரே பெயரில் இரண்டு நோய்கள் உலவுகின்றன. கருப்பையின் வாயில் வருவது ஒன்று. அதற்குக் காரணம் எச்பிவி வைரஸ், அதற்குத் தடுப்பூசி உண்டு, பாப் ஸ்மியர் சோதனை உண்டு. கருப்பையின் உள்சுவரில் வருவது வேறு. இதற்குப் பெரும்பாலும் பின்னால் நிற்பது ஈஸ்ட்ரோஜன். மாதாமாதம் ஈஸ்ட்ரோஜன் உள்சுவரை மெத்தை போல வளர்க்கும், புரோஜெஸ்ட்ரோன் அதற்குக் கடிவாளம் போடும். மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் இரண்டையும் நிறுத்திவிடுகிறது. ஆனால் உடம்பின் கொழுப்பு வேறு ஹார்மோன்களைப் பிடித்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். பருமனான உடம்பில் அது அதிகம். கடிவாளம் இல்லாமல் மெத்தை மட்டும் வளர்ந்தால் ஒருநாள் தறிகெட்டுப் போகலாம். பாப் ஸ்மியர் நன்றாக வந்தால் இந்த நோய் இல்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தச் சோதனை வாசலைத்தான் பார்க்கிறது, வீட்டுக்குள் பார்ப்பதில்லை.

வேலூரில் முதலில் உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். உள்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரியம்மாவுக்கு 13. அப்புறம் பிப்பெல் என்ற கருவி. பார்க்க ஜூஸ் கடை ஸ்ட்ரா மாதிரிதான் இருக்கும், 3 மில்லிமீட்டர் குறுக்களவு. நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே ஒரு மெல்லிய தண்டு. கருப்பைக்குள் விட்டுத் தண்டைப் பின்னால் இழுத்தால், ஊசி மருந்தை உறிஞ்சுவதுபோல உள்சுவரின் துணுக்குகள் குழாய்க்குள் வந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம். ஒரு நிமிஷ வேலை, ஆனால் சுருக்கென்று வலிக்கும். பார்மலின் பாட்டிலில் புழுப் போல மிதந்த அந்தத் துணுக்கிலிருந்துதான் நோய் உறுதியானது.

இதையெல்லாம் விட எளிதாக, கருப்பையின் வாய்ப்பகுதியில் ஒரு தூரிகையால் தடவி எடுத்தே கண்டுபிடிக்க முடியுமா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2018-இல் பாப்சீக் என்ற சோதனையை வெளியிட்டது. தூரிகையில் ஒட்டும் செல்களின் டிஎன்ஏவில் புற்றுநோய்க்கான மாற்றங்களைத் தேடுவது. கருப்பைப் புற்றுநோய் இருந்த 382 பெண்களில் 81 சதவீதம் பேரிடம் அது பிடிபட்டது. நல்ல எண்தான். ஆனால் இவர்கள் நோய் இருப்பதாக முன்பே தெரிந்தவர்கள். நோய் இருக்கிறதா என்றே தெரியாத ஊர்ப் பெண்களிடம் ஒரு சோதனை உயிரைக் காக்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு விடை கண்ட ஆய்வுகளில் ஒன்று நம் திண்டுக்கல்லில் நடந்தது, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக. அம்பிலிக்கையைச் சேர்ந்த சுகாதார மையம் பங்கேற்க, ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்துக் குலுக்கினார்கள். 57 தொகுதிகளில் பயிற்சி பெற்ற நர்சுகள் பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம், தடவி வெளுக்கிறதா என்று பார்த்தார்கள். மீதி 57-இல் அது இல்லை. 2007-இல் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும், அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைவு. சோதனை நடக்காத ஊர்ப் பெண்களை அப்படியே விட்டது சரியா என்று பின்னால் கடுமையான விமர்சனமும் எழுந்தது. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனாலும் வினிகர் வேலை செய்கிறது என்று இன்று அடித்துச் சொல்ல முடிவது அந்தக் குலுக்கலால்தான்.

சரி, குலுக்கல் ஏன்? பெரியம்மாவின் பாஷையிலேயே சொல்கிறேன். சீட்டுப் பிடிக்கும் வீட்டில் துண்டுச்சீட்டை எடுக்கச் சின்னக் குழந்தையைக் கூப்பிடுவார்கள். பெரியவர்கள் எடுத்தால் வேண்டியவர்களுக்கு விழும். டாக்டருக்கும் அதேதான், கெட்ட எண்ணமே தேவையில்லை. புதிய அறுவை முறைக்கு ஒல்லியானவரை, சர்க்கரை இல்லாதவரை, தைரியமானவரை அவர் கை தன்னையறியாமல் பொறுக்கும். பிறகு புதிய முறை வென்றது என்று கணக்கு சொல்லும். வென்றது முறையா, ஆளா? அதனால் அடுத்த சீட்டில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கும் தெரியக்கூடாது. ஆள் நிறையச் சேர்ந்தால் பருமன், வயது, சர்க்கரை எல்லாம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகப் பிரிந்துவிடும். மிச்சமிருக்கும் வித்தியாசம் சிகிச்சையால் வந்தது.

இதை எனக்குப் புரியவைத்தது இரண்டு ஆய்வுகள். கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவையை வயிற்றைத் திறந்து செய்வதா, சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா? லேஸ் என்ற ஆய்வு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங்கில் 760 பெண்களிடம் குலுக்கிப் பார்த்து 2017-இல் சொன்னது: நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 81.3 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 81.6. சமம். அப்படியென்றால் இரண்டு அங்குலம் கீழே, கருப்பை வாய்க்கும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், செய்துகொண்டும் இருந்தார்கள். எல்ஏசிசி என்ற ஆய்வு 631 பெண்களிடம் குலுக்கியது. 2018-இல் வந்த முடிவு: திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை வழியில் 86. கண்காணிப்புக் குழு ஆள் சேர்ப்பதை நடுவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. ஏன் இப்படி என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை. அதே கத்தி, அதே மாதிரி டாக்டர்கள், பக்கத்துப் பக்கத்து இடம்!

பெரியம்மாவுக்குத் துளை வழியில்தான் கருப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நடந்தே பஸ் ஸ்டாண்டு போவேன் என்று அடம்.

எடுத்த கருப்பையில் இன்னொரு சோதனையும் செய்தார்கள். செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்கும். எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உண்டு. இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அந்தத் திருத்துபவர் வேலையில் இல்லை. பிழை குவியும், விநோதமான புரதங்கள் உருவாகும், நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் அது நன்றாகப் படும். புற்றுநோய் தப்பிப்பது அந்தச் செல்களின் பிரேக்கை அழுத்தித்தான். பிரேக்கிலிருந்து காலை எடுக்க வைக்கும் மருந்துகளில் ஒன்று டோஸ்டார்லிமாப். முற்றிய அல்லது திரும்பி வந்த நோய்க்கு ரூபி என்ற ஆய்வு 2023-இல் காட்டியது: இந்தத் திருத்தக் கோளாறு உள்ளவர்களில் கீமோவோடு இதையும் பெற்றவர்கள் 61 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷம் ஆகியும் நோய் முற்றவில்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் 16 சதவீதம். புற்றுநோய் ஆய்வில் இவ்வளவு பெரிய இடைவெளி அடிக்கடி வராது. விலையைக் கேட்டால் மட்டும் வேலூர் வெயில் தோற்றுவிடும்.

பெரியம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. நோய் கருப்பைத் தசையில் பாதியைத் தாண்டியிருந்தது, வெளியே போகவில்லை. கதிர்வீச்சு மட்டும் போதும் என்றார்கள். இங்கேதான் எங்கள் வீட்டுக்கு நேரடியாக வந்த குலுக்கல் ஒன்று. முன்பெல்லாம் இடுப்பு முழுக்க வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவார்கள், வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம். நெதர்லாந்தில் போர்டெக்-2 என்ற ஆய்வில் 427 பெண்களைக் குலுக்கினார்கள். ஒரு பாதிக்கு அப்படி 23 தடவை. மறு பாதிக்குப் பிறப்புறுப்பின் உள்ளே ஒரு குழாய் வைத்துப் பக்கத்திலிருந்தே கதிர் கொடுப்பது, 3 தடவை. ஐந்து வருஷத்தில் பிறப்புறுப்பில் நோய் திரும்பியவர்கள் வெளிக்கதிரில் 1.6 சதவீதம், உள்வழியில் 1.8 சதவீதம். வயிற்றுப்போக்குத் தொல்லை உள்வழியில் வெகு குறைவு. குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக வேலூருக்கு 23 நாள் பஸ்ஸில் வருவதற்கும் 3 நாள் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வராந்தாவில் கேட்ட ஆய்வில் பெரியம்மா சேர முடியவில்லை. 'எப்ப வேணா விலகிக்கலாம், விலகினாலும் வைத்தியம் குறையாது' என்று சிஸ்டர் சொன்ன பிறகு கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடுதல் என்று விதிமுறை தடுத்துவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள பெரியம்மாக்களை விலக்கிவிட்டு எடுக்கிற கணக்கு பெரியம்மாக்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி எனக்கு.

மூன்றாவது கதிர்வீச்சு முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அந்த 427 பேர் கதையைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தவர், பள்ளிகொண்டா தாண்டியதும் கேட்டார்.

"அந்த ஊர்ப் பொம்பளைங்கள்லாம் இப்ப நல்லாக்கீறாங்களா?"

ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு எண்பது பேருக்குமேல் உயிரோடு இருந்தார்கள் என்றேன்.

"மீதி?"

நிறையப் பேர் எழுபதைத் தொட்டவர்கள் பெரியம்மா, வேறு வேறு காரணத்தாலும் போயிருப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையைத் திறந்து, அடுத்த செக்கப் சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து, மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.