எஃப்.டி.ஏ.: அந்த ‘ஃப்ரீ’க்குத் தமிழ் என்ன?

கொடைக்கானல் மலையில் உள்ள தாண்டிக்குடியில் மிளகு பறித்து, களத்தில் காயவைத்து, சாக்கில் கட்டும் மாசி மாதம். ஒரு வியாபாரியின் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மிளகு விற்க ஒரு பெரியம்மா வந்திருந்தார். வியாபாரி சாக்கின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளினார், உள்ளங்கையில் தேய்த்துத் தூசியை ஊதினார், இரண்டு மணியைப் பல்லில் கடித்தார். “கனமாத்தான் இருக்கு பெரியம்மா. விலைதான் இல்ல. எஃப்.டி.ஏ. போட்டுட்டாங்கள்ல.”

“அதென்னய்யா அது?”

“ஃப்ரீ ட்ரேடு அக்ரிமென்ட்.”

“ஃப்ரீன்னா, சும்மாவா குடுக்குறான்?”

கடையே சிரித்தது. ஆனால் கேள்வியில் தப்பே இல்லை. நம் ஊரில் ‘ஃப்ரீ’ என்றால் இலவசம். சோப்பு வாங்கினால் டப்பா ஃப்ரீ. அந்தச் சொல்லைத் தமிழாக்கியவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறியிருக்கிறார்கள். சுதந்திர வர்த்தக ஒப்பந்தம், தாராள வர்த்தக ஒப்பந்தம், தடையற்ற வணிக ஒப்பந்தம் என்று நாளிதழுக்கு நாளிதழ் மாறுகிறது.

சுதந்திரம் மனிதர்களுக்கு உரியது, மிளகு மூட்டைக்கு அது பொருந்தவில்லை. ‘தாராள’த்தைக் கேட்டால் யாரோ அள்ளிக் கொடுப்பது போலிருக்கிறது, போதாததற்கு 1991-க்குப் பின் வந்த ‘தாராளமயமாக்கல்’ வேறு குறுக்கே நிற்கிறது. மூன்றில் ‘தடையற்ற’ தேவலாம். சரி, தடை உண்மையிலேயே போய்விடுகிறதா?

இந்தியாவும் ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பும் சரக்கு வணிகத்துக்கான உடன்படிக்கையில் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்திட்டன. 2010 ஜனவரி 1-இல் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. உலகிலேயே அதிகமாக மிளகு விளைவிக்கும் வியட்நாமும் அந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது. பல பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வை படிப்படியாகச் சுழியமாகும் என்று எழுதினார்கள். மிளகு, தேயிலை, காப்பி, பாமாயில் ஆகியவற்றை மட்டும் ‘சிறப்புப் பொருள்கள்’ என்று தனியே வைத்தார்கள். மிளகுக்கு 70 விழுக்காடாக இருந்த தீர்வை 2019 முடிவில் 50 ஆகவும், தேயிலைக்கும் காப்பிக்கும் 100-இலிருந்து 45 ஆகவும் இறங்கவேண்டும் என்பது ஏற்பாடு. பாதி விலையைத் தீர்வையாக வாங்கிக்கொண்டு அதற்குத் ‘தடையற்ற’ என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

ஆங்கிலத்தில் அந்த ‘ஃப்ரீ’ எதைக் குறிக்கிறது? 1947-இல் உருவான, தீர்வையும் வணிகமும் பற்றிய பன்னாட்டுப் பொது உடன்படிக்கையான காட்டின் (GATT) 24-ஆம் பிரிவு இதற்கு இலக்கணம் சொல்கிறது. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் நடக்கும் வணிகத்தின் பெரும்பகுதிக்குத் தீர்வையை நீக்கிக்கொள்ளவேண்டும். உறுப்பல்லாத நாடுகளுக்கு விதிக்கும் தீர்வையை மட்டும் அவரவர் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் ‘ஃப்ரீ’ என்பது அந்தத் தீர்வையிலிருந்து, அதாவது சுங்கத்திலிருந்து, விடுபட்டது என்பதுதான். இலவசமும் இல்லை, சுதந்திரமும் இல்லை.

அந்த ‘தனித்தனியே’யில்தான் சிக்கல் முளைக்கிறது. இலங்கையோடு நாம் 1998-இல் கையெழுத்திட்டு, 2000 மார்ச் முதல் நடப்பில் உள்ள இன்னோர் உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி இலங்கை மிளகு ஒரு குறிப்பிட்ட அளவு வரை தீர்வை இல்லாமல் வரலாம். ஒரு வாசலில் 50, பக்கத்து வாசலில் சுழியம் என்றால் சரக்கு எந்த வாசலைத் தேடும்? வியட்நாம் மிளகு கொழும்பைச் சுற்றி இலங்கை மிளகாக வருகிறது என்று விவசாயிகள் பல வருடம் புகார் சொன்னார்கள். இதைத் தடுக்கத்தான் சரக்கு எங்கே விளைந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்று கேட்கிறார்கள். தாளில் எழுதியிருப்பது போதாது, ஆதாரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்கவேண்டும் என்று 2020-இல் சுங்க விதியையும் இறுக்கினார்கள். அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான விலையில் மிளகு இறக்கக்கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தாயிற்று.

இனி சொல்லுக்கு வருவோம். சுங்கத்துக்குத் தமிழில் பழைய பெயர் உல்கு. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று அரசனின் வருவாயை எண்ணுகிறது குறள் (756). பரிமேலழகர் உல்குக்குச் சுங்கம் என்று உரை எழுதி, கலத்தினும் காலினும் வரும் பண்டங்களுக்கு இறை என்கிறார். கலம் கப்பல், கால் வண்டி, இறை வரி. பட்டினப்பாலையிலும் அதே ‘கால்’ வருகிறது: ‘காலின் வந்த கருங்கறி மூடையும்’. கறி என்றால் அன்று மிளகு. வண்டியில் வந்த மிளகு மூட்டையும், புலிமுத்திரை குத்தி உல்கு வாங்கும் அதிகாரிகளும் அந்த ஒரே பாட்டில் இருக்கிறார்கள். உல்கு, சுங்கம் இரண்டையுமே வடமொழி ‘சுல்க’த்தோடு சேர்த்துக் காட்டுவார்கள். இருக்கட்டும், கோயம்புத்தூரில் பஸ் ஸ்டாப்புக்கே பெயராகிவிட்ட பிறகு சுங்கத்தை அயல்சொல் என்று யார் தள்ளப்போகிறார்கள்?

சுங்கம் இல்லை என்பதைச் சொல்லவும் நம்மிடம் வினை உண்டு: தவிர்த்தல். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முந்தைய அந்தத் தொடர், ‘தடையற்ற’ என்பதைவிடச் சரியாக இலக்கில் படுகிறது. எதைத் தவிர்த்தார்கள் என்று அதிலேயே இருக்கிறது பாருங்கள்.

மற்ற இரண்டு சொற்களில் பெரிய வில்லங்கம் இல்லை. வர்த்தகம் வடமொழி வழி வந்தது, வணிகம் போதும். ஒப்பந்தம் கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட உண்டு, ‘ஒப்பு’தான் அடி. ஆனால் நம் காதில் அது காண்ட்ராக்ட் வாடையோடு விழுகிறது. நாடுகளுக்கு இடையே என்றால் உடன்படிக்கை பொருத்தம்.

ஆகவே என் வாக்கு ‘சுங்கத் தவிர்ப்பு உடன்படிக்கை’க்கு. மிளகு போல முழுதும் தவிர்க்காத இடத்தில் ‘சுங்கக் குறைப்பு’. நாளிதழ்கள் ‘தடையற்ற’வை விடப்போவதில்லை, தெரியும்.

அன்று பெரியம்மாவிடம், “வெளிநாட்டு மிளகுக்குச் சுங்கத்தைக் குறைச்சிருக்காங்க, பெரியம்மா” என்றேன். “எவ்வளவு?” என்றார். சொன்னேன். ஒரு சாக்கை மட்டும் எடை போடச் சொல்லிவிட்டு, மற்ற மூன்றையும் ஜீப்பில் திரும்ப ஏற்றச் சொன்னார். நன்றாகக் காய்ந்த மிளகு ஒரு வருடம் பரணில் கிடந்தாலும் கெடாது.