மழைத்தண்ணீரையும் விடக்கூடாது, சார்

போன நவம்பரில் ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு ஒரு அடுக்ககச் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். "சார், கீழ்த்தளத்து வீட்டு பாத்ரூம்ல சாக்கடைத் தண்ணி பொங்குது, லாரிக்குச் சொன்னா நாளைக்குத்தான்ங்கிறான்." சென்னையில் இரண்டு மணி நேரமாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. உங்கள் மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, யாருக்குத்தான் தெரியும்.

மறுநாள் போய், கழிவுநீர் சேம்பரின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றச் சொன்னேன். கால் நிமிடம் ஆகவில்லை, சேம்பரில் மஞ்சள் தண்ணீர் வந்துவிட்டது. செயலாளர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "மழைத்தண்ணி சுத்தமான தண்ணிதானே சார், அது சாக்கடைக்குப் போனா நல்லதுதானே, கழுவி விடும்?" என்றார். இருபது வருஷமாகக் கழிவுநீர் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்காத வருஷம் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்று வைத்துத்தான் குழாயின் அளவைத் தீர்மானிக்கிறோம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 432 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். அதாவது அந்த வீடு பதினோரு நாளில் அனுப்பவேண்டியதை ஒரே மணி நேரத்தில் அனுப்புகிறது, அதுவும் தெருவே சேர்ந்து. பம்பிங் ஸ்டேஷன் மோட்டார் என்ன செய்யும்? தண்ணீர் பின்வாங்கி, இருப்பதிலேயே பள்ளமான வீட்டின் கக்கூஸ் வழியாக மேலே வரும். சென்னையில் மழைநீர் வடிகால் தனி, அது மாநகராட்சியுடையது. பாதாள சாக்கடை தனி, அது குடிநீர் வாரியத்துடையது. தெருவில் தண்ணீர் நின்றதும் கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடும் நல்ல மனசுக்காரர்கள், மணலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தேதான் உள்ளே போகிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் குழி அடுத்து நடந்து வருபவருக்குத் தெரியாது என்பதையும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதாள சாக்கடையும் அதில் அடக்கம்: நச்சோ மாசோ என்று தெரிந்தே எதையும் அதில் விடக்கூடாது. எவ்வளவு வரை விடலாம் என்ற அளவுகள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் அட்டவணையாக இருக்கின்றன. பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம்) 5.5 முதல் 9 வரை, தண்ணீரில் கலந்து மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 600 மில்லிகிராம், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 350, எண்ணெய்ப் பசை 20, சயனைடு 2, குரோமியம் 2, ஈயம் 1 என்று பட்டியல் நீள்கிறது. பட்டறைக்காரர்களிடம் இதை நீட்டினால் ஏதோ ஜாதகம் மாதிரி பார்க்கிறார்கள். அதனால் நான் இரண்டே எண்களைத்தான் விளக்குவது.

முதலில் அந்த 5.5. வெள்ளி, பித்தளைக்கு முலாம் பூசும் ஒரு சின்னப் பட்டறை, பெயர் வேண்டாம், ராத்திரியில் ஆசிட் தொட்டியைக் கழுவி நேராக சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலையில் அதே தெருவில் வேறு வேலையாக மூடியைத் திறந்தோம். விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கயிற்றில் கட்டி இறக்கிய கேஸ் மீட்டர் இரண்டடி போவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டது. காரணம் இதுதான்: சாக்கடைக் குழாயின் உள்சுவரில் வழுவழுவென்று படிந்திருக்கும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் எந்நேரமும் சல்பைடு தயாரித்துக்கொண்டே இருக்கும். பிஎச் 7 ஆக இருக்கும்போது அதில் ஏறக்குறைய பாதிதான் வாயுவாக வெளியேறக்கூடிய நிலையில் இருக்கும், மீதி தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். பிஎச் 6-க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு ஹைட்ரஜன் சல்பைடு. ஆசிட் ஊற்றுகிறவன் விஷத்தைக் கொண்டுவந்து போடவில்லை, அங்கே ஏற்கெனவே இருப்பதைத் திறந்துவிடுகிறான். அவன் தொட்டியில் சயனைடும் இருந்திருந்தால் வருவது ஹைட்ரஜன் சயனைடு, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும் என்பது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லி இறங்கியவர்கள் அதனால்தான் திரும்பி வருவதில்லை, தூக்கிவிட இறங்குகிற இரண்டாவது ஆளும் அப்படியே. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவதே குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை. ஒரு சாவுக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இந்தச் சட்டத்தின் கை அடுக்ககச் சங்கங்கள் வரைக்கும் நீளும், ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் அந்த 20, எண்ணெய்ப் பசை. ஹோட்டல், மெஸ், கேட்டரிங் நடத்துகிறவர்கள் கவனியுங்கள். ஒரு 12,000 லிட்டர் தண்ணீர் லாரி முழுக்கக் கழிவுநீர் என்று வைத்துக்கொண்டால், அதில் இருக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பது 240 கிராம் எண்ணெய்தான், கால் கிலோவுக்கும் குறைவு. பரோட்டாக்கடையில் சால்னா அண்டாவை ஒரு தடவை கழுவினாலே அதில் பாதி போய்விடும். சூடான தண்ணீரோடு போகும்போது ஓடுகிற எண்ணெய், குழாய்க்குள் குளிர்ந்ததும் சுவரில் ஒட்டிக் கட்டியாகிவிடும். சோப்பு ஊற்றினால் கரைந்துவிடும் என்பது நம் சேம்பரைத் தாண்டி அடுத்த கடைக்காரன் சேம்பர் வரைக்கும்தான் உண்மை. 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படி உறைந்துபோன கொழுப்பு 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் இருந்தது. அதில் ஈரத்துணி மாதிரியான துடைப்பான்களுக்கும் பங்கு உண்டு. எண்ணெய்ப் பசையைச் சாக்கடைக்குப் போகாமல் பிடித்துவைக்கும் தொட்டி, அதாவது கிரீஸ் ட்ராப் வையுங்கள், வைத்தால் மட்டும் போதாது, அதை வாரம் ஒருமுறையாவது வழித்தெடுங்கள். நான் திறந்து பார்த்த ட்ராப்களில் பாதிக்கு மேல் மூடியே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

நாப்கின், டயப்பர் பற்றிப் பல தடவை சொல்லியாயிற்று: தண்ணீரை உறிஞ்சி ஊதுவதற்காகவே செய்த பொருள் 4 அங்குலக் குழாய்க்குள் போய் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? மெக்கானிக் ஷெட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாகங்களைக் கழுவின பெட்ரோலை ஊற்றாதீர்கள். 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு ஆலையிலிருந்து சாக்கடைக்குள் போன ஹெக்சேன் என்ற கரைப்பானின் ஆவி, மேலே போன காரின் பொறி பட்டு, தெருத்தெருவாக வெடித்தது. விடிவதற்கு முன் நடந்ததால் யாரும் சாகவில்லை.

அந்த அடுக்ககத்து விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாடிக் குழாயைத் திருப்பிவிட ஒரு பிளம்பருக்கு ஒன்றரை நாள் வேலை. எங்கே திருப்புவது என்பதுதான் பேச்சாக இருந்தது. 2003-இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாயிற்றே, குழி இருக்கவேண்டுமே என்றேன். தேடினோம். இருந்தது, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், ஜல்லி எல்லாம் போட்டு ஒழுங்காகக் கட்டியது. மேலே சிமெண்ட் ஸ்லாப் மூடி, அதன்மேல் செயலாளர் வீட்டுத் துளசித் தொட்டி.