கவச வண்டியை யாரைக் கேட்டு வாங்கினார்கள்?

"அக்கா, நம்ம ஊர் போலீசுக்கு எதுக்கு இந்த மிலிட்டரி வண்டி? யாரைக் கேட்டு வாங்கினாங்க?" பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைச் சோதனையிட வந்து நின்ற கவச வண்டியை போனில் படமெடுத்துக்கொண்டு வந்த தம்பி கேட்டது இது. கலிபோர்னியாவில் வக்கீல் தொழில் செய்யும் எனக்குப் பதில் சொல்லவே வருத்தமாக இருந்தது. ஊர் மக்களைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். அன்றைக்கு நகரக் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் மூன்றே பேர்.

ராணுவத்தில் உபரியாகும் தளவாடங்களை உள்ளூர் போலீசுக்கு இலவசமாகக் கொடுக்கும் '1033' திட்டம் 1990-களிலிருந்தே இருக்கிறது. கொண்டுவரும் செலவும் பராமரிப்பும் மட்டும் போலீசின் பொறுப்பு. வாங்கியதை ஓராண்டுக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்றொரு நிபந்தனையும் உண்டு. என்னை உறுத்துவது அதுதான். கையில் இருப்பதை எடுக்கச் சொல்லி விதியே தூண்டலாமா?

2014-ல் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில், கறுப்பின இளைஞர் ஒருவரை போலீஸ் சுட்டுக்கொன்றதை எதிர்த்து மக்கள் போராடியபோது, தெருக்களில் கவச வண்டிகளை நாடே பார்த்தது. 2015-ல் ஒபாமா கட்டுப்பாடு கொண்டுவந்தார், 2017-ல் டிரம்ப் நீக்கினார், 2022-ல் பைடன் மறுபடி கொண்டுவந்தார், 2025-ல் அதுவும் போயிற்று. வாஷிங்டனை நம்பிப் பயனில்லை.

நம் மாநிலத்தில் 2022 முதல் 'ஏபி 481' சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கவச வண்டி, ட்ரோன், கண்ணீர்ப்புகை, ரப்பர் குண்டு, காதைப் பிளக்கும் ஒலிக்கருவி எதுவானாலும், வாங்கவும் வைத்திருக்கவும் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். எதை, எதற்கு, என்ன செலவில் என்ற கொள்கை வரைவை, பொது விசாரணைக்கு 30 நாள் முன்பே போலீஸ் தன் இணையதளத்தில் போட வேண்டும். இதைவிட்டால் வேறு வழியில்லை என்று கவுன்சிலுக்குத் தோன்றினால்தான் ஒப்புதல் தரலாம்.

இந்தச் சட்டத்துக்கு உயிர் இருக்கிறது. 2022 நவம்பரில், உயிரைப் பறிக்கும் அளவுக்கு போலீஸ் ரோபோக்களைப் பயன்படுத்த, சான் பிரான்சிஸ்கோவின் கவுன்சிலான மேற்பார்வையாளர் சபை 8-3 என ஒப்புக்கொண்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரே வாரத்தில் சபை பின்வாங்கியது.

ஓட்டையும் இருக்கிறது. போலீசாருக்கு வழக்கமாகக் கொடுக்கும் துப்பாக்கி இந்தப் பட்டியலில் வராது. ராணுவத் துப்பாக்கியைப் போன்ற ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகளையே 'வழக்கமானவை' என்று சொல்லி ஒதுக்கிவிட இடமிருக்கிறது. பட்டியலைப் படிக்கும்போது, அதில் இல்லாதவற்றையும் கேளுங்கள்.

"நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கேனே, பேசலாமா?" என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். கவுன்சில் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. போலீஸ் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும், அடுத்த 30 நாளுக்குள் மக்களோடு ஒரு கூட்டமும் நடத்த வேண்டும். எந்தக் கருவியை எதற்கு எடுத்தார்கள், என்னென்ன புகார்கள் வந்தன என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும்.

அந்தத் தம்பி அடுத்த கூட்டத்துக்குப் போனார். அந்த வண்டி ஒரு வருஷத்தில் எத்தனை தடவை வெளியே வந்தது என்று மட்டும் கேட்டார். மேடையில் இருந்தவர்களிடம் உடனே பதில் இல்லை, எழுதி வாங்கிக்கொண்டார்கள்.