நடுங்கி வெட்டும் மெசின்

"என்ன மனே, இது வெட்டுதா நடுங்குதா?"

மட்டக்களப்புக் கல்லடிக் கரையில் இழுத்துப் போட்டிருந்த பைபர் போட்டில் மல்டி டூலை, அதாவது அலகு ஆடி வெட்டும் கைமெசினை, வைத்ததும், பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். இரண்டும்தான்.

உள்ளே மோட்டர் வட்டமாகத்தான் சுற்றுகிறது. அதன் தண்டின் நுனி மட்டும் நடுவிலிருந்து இம்மி விலகியிருக்கும். அந்த நுனியைப் பிடித்திருக்கும் கவை முழுதாகச் சுற்ற முடியாமல் இடமும் வலமும் ஆடுகிறது. ஆட்டம் ஏறத்தாழ 3 பாகைதான். ஆனால் நிமிடத்துக்கு 20,000 தடவை வரை. அச்சிலிருந்து 5 சென்டிமீற்றர் தள்ளியிருக்கும் பல், ஒரு பக்கம் போக 2.6 மில்லிமீற்றர்தான் நகரும். கணக்குப் பார்த்தால் சராசரியாகச் செக்கனுக்கு 2 மீற்றரும் வராது. நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஓடும், தட்டுச் சுற்றி வெட்டும் 4 அங்குலக் கிரைண்டரின் தட்டு விளிம்போ 55 மீற்றரைத் தாண்டும். அதனால்தான் கிரைண்டர் பைபர் தூளைப் பக்கத்து வீட்டுச் சோற்றுப் பானைவரை அனுப்புகிறது. இது காலடியில் கொட்டுகிறது. மாஸ்க் இரண்டுக்கும் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு வெட்டும் வாளும் இந்த வேலையைத்தான் செய்கிறது. இறுகிய கட்டு அசைய முடியாமல் வெட்டுப்படும். தோல் அலகோடு சேர்ந்து ஆடித் தப்பிக்கும். (மல்டி டூலின் மர அலகில் விரல் வைத்துப் பார்க்காதீர்கள். அதன் பல் வேறு.)

எனக்கு வேலை என்ஜின் பூட்டும் பின்பலகையில். உள்ளே பிளைவூட் உக்கியிருந்தது. வட்டத் தட்டால் சதுர மூலை வெட்டினால் கோடு தாண்டும். இதை நேரே குத்தி இறக்கலாம். ஆழத்துக்கு அலகில் டேப் ஒட்டிக்கொண்டேன். பைபரில் உள்ள கண்ணாடி நார் சாதாரண இரும்புப் பல்லை மழுக்கிவிடும், கார்பைட் துகள் ஒட்டிய அலகுதான் நிற்கும். அமத்தவும் கூடாது. அமத்தினால் ஆட்டம் அடங்கிச் சூடுதான் மிஞ்சும். நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் இளகி மணக்கத் தொடங்கும். ஒட்டுப்போட ஓரத்தைச் சரிவாக்குவதற்கு மட்டும் கிரைண்டரே திறம்: 5 மில்லிமீற்றர்த் தடிப்புக்கு 60 மில்லிமீற்றர்ச் சரிவு, 12 மடங்கு.

மேல்தோலைக் கிளப்பியதும் பலகை ஈரப் பிட்டு மாதிரிக் கையோடு வந்தது.

"தண்ணி எதால மனே போனது?"

போல்ட் ஓட்டையைக் காட்டினேன். தண்ணி புகாமல் அடைத்திருந்த சீலன்ட் பசை ஒரு பக்கம் விட்டிருந்தது. மிச்சத்தைச் சுரண்டப் பல் அலகை வைத்தால், ரப்பர் மாதிரி அதோடு சேர்ந்து ஆடியதே தவிர வெட்டுப்படவில்லை. கத்தி அலகை மாட்டினேன்.