சொல் விளக்கம்: களப் பதக்கம்

தேவிபட்டினத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவருடைய தாத்தா முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பியவர். அவர் வாங்கி வந்த மெடல்கள் மூன்றும் தகரப்பெட்டியில் பழைய சேலைத் துண்டில் முடிந்து கிடந்தன: ஒரு வெண்கல நட்சத்திரம், ஒரு வெள்ளி வட்டம், சிறகு விரித்த பெண்ணுருவம் பொறித்த ஒரு வெண்கல வட்டம். போன ஆண்டு ஒரு கண்காட்சிக்கு அவற்றை இரவல் கேட்டார்கள், கொடுத்தார். திறப்பு நாளன்று நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அட்டையை வாசிக்கச் சொன்னார். 'காலனியகாலப் பிரச்சாரப் பதக்கத் தொகுதி' என்று போட்டிருந்தது.

"எங்க ஐயா பட்டாளத்துக்குல்ல போனாரு தம்பி. பிரச்சாரம் பண்ணவா போனாரு?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு முன்பும் 'பிரச்சாரப் பதக்கம்' என்ற இந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன், பின்பும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இனியும் பொறுக்க முடியாததால் எழுதுகிறேன்.

மூலம் ஆங்கிலத்தின் 'கேம்பெய்ன் மெடல்', அதாவது ஒரு போர்க்களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கும் மெடல். அதிலுள்ள 'கேம்பெய்ன்' வந்த வழி இது. லத்தீனில் 'கம்புஸ்' என்றால் வெட்டவெளி, களம். அது இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கோடையில் படை வெளியே இறங்கிப் போரிடும், குளிர் வந்ததும் தங்குமிடம் திரும்பும். அந்த ஒரு பருவப் போர்தான் முதற்பொருள். ஓட்டுக் கேட்டு அலைவது பிற்பாடு வந்த பொருள். பிரச்சாரம் வடசொல், பரப்புதல் என்று பொருள். பதக்கம் பற்றி எனக்குப் புகார் இல்லை. கழுத்துச் சங்கிலியில் தொங்கும் அணிக்கு நாம் வைத்த பெயர், மெடலுக்கும் பொருந்திவிட்டது.

தனித்தமிழ் என்று சொல்லிச் சிலர் 'பரப்புரைப் பதக்கம்' ஆக்கியிருக்கிறார்கள். நானும் தனித்தமிழ் விரும்பிதான். ஆனால் தவறான சொல்லைத் தூய தமிழில் பெயர்த்தால் தவறு போய்விடாது. இதில் 'உரை' வேறு சேர்ந்துகொண்டு, பேசியதற்கு வாங்கிய மெடல் என்றே ஆகிவிடுகிறது. கூடவே 'தொகுதி'. பிரச்சாரம், தொகுதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவருக்குத் தேர்தல் தவிர வேறென்ன தோன்றும்? மார்பில் ஒரே வரியில் குத்திக்கொள்வதைப் பதக்க வரிசை என்றால் போதாதா?

சரி, விவரம் தெரிந்தவர்கள் வைத்த சொல்லுக்கு வருவோம்: படையெடுப்புப் பதக்கம். இதை ஆதரிப்பவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே மறுக்க வேண்டும். படையெடுப்பு என்பது அடுத்தவன் மண்ணின் மேல் போவது. நம் மரபில் அதற்கு வஞ்சி என்று தனித் திணையே உண்டு. மதிலைக் காத்து நிற்பது நொச்சி. களத்தில் இரண்டும் நடக்கும். 1944இல் கோஹிமாவையும் இம்பாலையும் காத்து நின்ற சிப்பாய்களுக்கும் பர்மா நட்சத்திரம் என்ற மெடல் கிடைத்தது. அங்கே படையெடுத்து வந்தது ஜப்பான். காத்து நின்றவர் மார்பில் படையெடுப்புப் பதக்கம் என்று குத்துவது முறையா?

உண்மையிலேயே படையெடுப்பாக இருந்த மூன்றாம் பர்மியப் போரைப் பாருங்கள். 1885 நவம்பரில் பிரிட்டிஷ் படையினர் எல்லை தாண்டினார்கள், இரண்டே வாரத்தில் பர்மாவின் தீபா மன்னர் சரணடைந்தார். படையெடுப்பு அத்தோடு முடிந்தது. மெடலின் நாடாவில் ஏறிய பட்டையில் இருப்பதோ 'பர்மா 1885-7'. மீதிக் காலமெல்லாம் காட்டுக்குள் அலைந்த அலைச்சல். அதைப் படையெடுப்பு என்ற சொல் சொல்வதில்லை.

'போர்ப் பதக்கம்' என்றால் என்ன என்பார்கள். அந்தப் பெயரிலேயே தனி மெடல்கள் இருக்கின்றன. 1939-45 போர்ப் பதக்கம் அதில் ஒன்று. இனப்பெயரும் தனிப்பெயரும் ஒன்றானால் தேடுகிறவர் திண்டாடுவார். 'வீரப் பதக்கம்' கூடவே கூடாது. வீரச்செயலுக்குக் கொடுப்பது வேறு, களத்தில் இருந்ததற்குக் கொடுப்பது வேறு. முதல் உலகப்போரில் தொழிலாளர் படையில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் கிடைத்தது, வெள்ளியில் இல்லை, வெண்கலத்தில். அவர்கள் சுடவில்லை, களத்தில் இருந்தார்கள்.

ஆகவே களப் பதக்கம். லத்தீன் மூலமும் களம்தான். எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டுக்குப் போனால் தூற்றி அளந்து முடியும் வரை ராத்தங்கல் அங்கேதான், வேலை முடிந்துதான் வீடு. ஒரு பருவத்துக்கு இறங்கி, இருந்து, திரும்புவது இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. களப்பணியோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். பதக்கம் என்ற சொல் பக்கத்தில் இருக்கும்போது குழம்ப இடமில்லை.

இதில் இன்னொரு நன்மை: களப் பதக்கம் என்றதும் 'எந்தக் களம்?' என்று கேட்கத் தோன்றும். ஆராய்ச்சி தொடங்குவதே அங்கேதான். அட்டை எழுதியவர் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார். இன்றைய மொழிபெயர்ப்பில் பாதி இப்படித்தான் நடக்கிறது. பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை. பெரியம்மாவின் வெள்ளி மெடலைச் சாய்த்து விளிம்பைப் பார்த்திருந்தால் போதும். எண், பதவி, பெயர், '61 பயனியர்ஸ்' என்று ஆங்கிலத்தில் வரிசையாக வெட்டியிருக்கிறது. பயனியர்கள் என்றால் பாதை வெட்டவும் சண்டை போடவும் பழகிய படை. பழைய சென்னைப் படையிலிருந்து வந்த இந்த 61ஆம் பயனியர்கள் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கா துறைமுகத்தில் இறங்கிய படையில் இருந்தவர்கள். அந்தத் தரையிறக்கம் தோற்றது, களம் 1918 வரை நீண்டது. வெண்கல நட்சத்திரம் 1914-15 நட்சத்திரம், 1915 முடிவதற்குள் களம் இறங்கியவர்களுக்குக் கொடுத்தது. அது இருப்பதால் தாத்தா 1915 முடிவதற்குள் ஏதோ ஒரு களத்தில் இறங்கிவிட்டார் என்பது உறுதி. சென்னைப் பயனியர்களை 1933இல் கலைத்துவிட்டார்கள், அதனால் போய்க் கேட்க அந்தப் பெயரில் படையில்லை. இனி லண்டனில் இருக்கும் பதக்கப் பட்டியல்களையும் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பையும்தான் பார்க்க வேண்டும்.

கண்காட்சியிலிருந்து மெடல்கள் திரும்பி வந்த அன்று ஒரு தாளில் 'களப் பதக்க வரிசை, 61ஆம் பயனியர்கள், 1914-15 நட்சத்திரத்துடன்' என்று எழுதி, பெட்டிக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். "ஐயா பேரை மேல பெருசா எழுது தம்பி" என்றார் பெரியம்மா. எழுதிக் கொடுத்தேன்.